பளிங்கா, பாட்டிலா?

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலையில் கொடுமணல் பக்கத்து மேட்டாங்காடுகளில் நடந்தால் தரை மினுக்கும். மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருக்கும்; உழவுசாலில் தங்கிய சில்லுகளின் மேல் சாய்வெயில் விழும். குனிந்து பார்த்தால் நகமளவில் ஒன்று, நிறமற்று, ஓரம் பிளேடு மாதிரி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் மணி செய்த ஒருவர் தட்டிப் போட்ட பளிங்குச் சில்லா, போன வாரம் வரப்பில் உட்கார்ந்து குடித்தவர் உடைத்துவிட்டுப் போன பாட்டிலா? பச்சையோ பழுப்போ என்றால் வழக்கு தீர்ந்தது. வெள்ளைப் பாட்டில் என்றால் தொல்லியல் படித்தவர்களே ஒரு கணம் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

தயக்கத்தைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. பளிங்கு கைக்குச் சில்லென்றிருக்கும். கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக அது உடல்சூட்டை இழுத்துக்கொள்ளும். பளிங்கால் கண்ணாடியைக் கீறலாம், கண்ணாடியால் பளிங்கைக் கீற முடியாது. கண்ணாடிக்குள் சில சமயம் உருண்டையான காற்றுக்குமிழ் தெரியும். ஆனால் முறிந்த முகத்தை மட்டும் காட்டி, தொடாமல் சொல் என்றால் திண்டாட்டம்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி முறிகின்றன. கொங்கு நாட்டின் பழைய கல்மணிப் பட்டறைகளைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இன்றைய கண்ணாடியை உடைத்துப் பழகலாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒற்றுமையே முதல் காரணம். இரண்டாவது காரணம் ஒன்று உண்டு, அது இதைவிடப் பெரியது, பிறகு வருகிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோமானிய அறிஞர் ப்ளினி தன் 'இயற்கை வரலாறு' நூலின் கடைசி இரண்டு பகுதிகளில் கல்லையும் மணியையும் பற்றி எழுதினார். இந்தியாவில் கண்ணாடியை உடைந்த பளிங்கிலிருந்து செய்கிறார்கள் என்றும், அதனாலேயே வேறெந்தக் கண்ணாடியும் அதற்கு ஈடாகாது என்றும் சிலர் சொல்வதாக அதில் ஒரு செய்தி. இந்தியர்கள் பளிங்குக்குச் சாயமேற்றி மற்ற மணிகளைப்போல, குறிப்பாகப் பெரில் கல்லைப்போல, போலி செய்கிறார்கள் என்பது இன்னொன்று. கேள்விப்பட்டதை எழுதியவர்தான், இந்தியாவுக்கு வந்தவரல்ல. ஆனாலும் பளிங்கு, கண்ணாடி, பெரில் மூன்றும் ஒன்றுக்குப் பதில் ஒன்று நிற்கும் சரக்குகளாக ரோமாபுரிச் சந்தை வரை பேசப்பட்டன என்பது இதில் தெரிகிறது.

பெரில் என்றால் நம் ஊர்ச் சரக்கு. காங்கேயத்துக்குப் பக்கத்திலுள்ள படியூர் அதற்குப் பேர்போன இடம். 1819-20 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் தோண்டி நீலப்பச்சைப் பெரில் எடுத்தார். தண்ணீர் புகுந்ததும் வேலை நின்றது. சிவன்மலைப் பாறைத்தொடரில் குருந்தக்கல் கிடைப்பதை நிலவியலாளர் ஹாலண்ட் 1901-இல் விரிவாக எழுதினார். முருகன் கோயிலின் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பார்க்க மட்டும் சிவன்மலை ஏறுகிறவர்களுக்கு, காலடியில் இருப்பது நிலவியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் அபூர்வமான பாறை என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. காங்கேயத்தைச் சுற்றிப் பளிங்கும் நிலாக்கல்லும் இன்றும் கிடைக்கின்றன. பட்டை தீட்டும் தொழிலும் அங்கே இன்னும் ஓயவில்லை.

இந்தக் கற்களெல்லாம் வந்து சேர்ந்த பட்டறைதான் கொடுமணல். ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் நொய்யலின் வடகரை. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை முசிறிக்குப் போன பழைய பெருவழியின் மேல் இருந்த ஊர். பதிற்றுப்பத்தில் கபிலரின் 67-ஆம் பாட்டும் அரிசில்கிழாரின் 74-ஆம் பாட்டும் சொல்லும் கொடுமணம் இதுவே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வைத் தொடங்கியது, எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றவர்கள் அதில் ஈடுபட்டார்கள். 2012, 2013-இல் ராஜன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சார்பில் மறுபடி தோண்டினார். பிறகு மாநிலத் தொல்லியல் துறையும் வந்தது. பெரில், நீலக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் என்று பலவகைக் கல் கிடைத்தது. ஒரே ஈமச்சின்னத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன.

எனக்கு அந்த இரண்டாயிரம் மணிகளைவிடக் குப்பைதான் முக்கியம். உடைக்காத கட்டி, பாதி தட்டிய துண்டு, தேய்த்தும் துளை போடாத மணி, துளை போடும்போது பிளந்த மணி, இவற்றுக்கிடையே சில்லு, சில்லு, சில்லு. முடிந்த மணி வியாபாரியோடு ஊர் ஊராய்ப் போய்விடும். தட்டி எறிந்த சில்லு தட்டிய இடத்திலேயே கிடக்கும். ஒரு பட்டறை எங்கே இருந்தது, எந்தக் கட்டம்வரை அங்கே வேலை நடந்தது, தட்டியவர் கைதேர்ந்தவரா கற்றுக்குட்டியா என்பதையெல்லாம் சில்லிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு அதன் பாஷை தெரிய வேண்டுமே?

சில்லு பெயர்த்தல் என்பது கண்ணை மூடிக்கொண்டு கல்லை உடைப்பதல்ல. சுத்தியல் கல்லால் அடித்தோ, கூரான முனையால் அழுத்தியோ, நினைத்த இடத்திலிருந்து நினைத்த அளவு சில்லைக் கழற்றி எடுப்பது. ஆதிமனிதன் கைக்கோடரி முதல் நேற்றைய அகேட் மணிவரை வேலை இதுதான். எந்தக் கல் இதற்கு ஒத்துவரும்? அடித்த விசை உள்ளே போகும்போது எந்தத் திசையிலும் தனிப்பட்ட சலுகையோ தடையோ இல்லாமல் போக வேண்டும். மரத்துக்கு நார் இருக்கிறது, அது நார்வழி பிளக்கும். காக்காப்பொன் ஏடு ஏடாய் உரியும். கருங்கல்லில் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். அதனால்தான் அம்மியைக் கொத்துகிறோம், யாரும் அம்மியிலிருந்து சில்லு பெயர்ப்பதில்லை. கண்ணாடிக்கு நாருமில்லை, ஏடுமில்லை, மணியுமில்லை. உருகிய குழம்பு ஒழுங்காய் அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்துபோன பொருள் அது. விசை அதற்குள் நீரில் அலை போவதுபோலப் போகும்.

முறிந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அது அப்படியே பதிவாகியிருக்கும். அடிபட்ட புள்ளிக்குக் கீழே சின்ன மேடு. அங்கிருந்து வட்டம் வட்டமாய் விரியும் வரிகள். கிளிஞ்சலின் உட்புறம் போன்ற மழமழப்பு. தட்டையான கண்ணாடியின் நடுவில் ஒரு சிறு குண்டு பட்டால் மறுபுறம் கூம்பு வடிவத்தில் துண்டு கழன்று விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1880-களின் தொடக்கத்தில் ஆராய்ந்த கூம்பு அது. சில்லு பெயர்ப்பவர் செய்வதெல்லாம் அந்தக் கூம்பை ஓரத்துக்குக் கொண்டுவந்து பாதியாய் வெட்டுவதுதான். அடிக்கும் மேடைக்கும் சில்லு கழலும் முகத்துக்கும் நடுவே கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். கோணம் விரிந்திருந்தால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓரம் நொறுங்குமே தவிரச் சில்லு வராது.

எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறி உண்டான இயற்கைக் கண்ணாடி, அப்சிடியன், கிடைத்த நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மெக்சிகோவிலும் துருக்கியிலும் அதை வைத்து நாகரிகமே கட்டினார்கள். கொங்குப் பாறைகள் பூமியின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து மெதுவாய்ப் படிகமானவை. அப்சிடியனுக்கு இங்கே வேலையில்லை. இங்கே கைக்குக் கிடைப்பது வெங்கச்சாங்கல். ஒவ்வொரு காட்டிலும் வெள்ளை வெளேரென்று கிடக்கும், சிறுவயதில் இருட்டில் ஒன்றோடொன்று உரசிப் பொறி பார்த்தோமே, அந்தக் கல். அதுவும் சிலிக்காதான், பளிங்கும் சிலிக்காதான், கண்ணாடியில்கூட முக்கால் பங்கு சிலிக்காதான். முறிவதில்தான் வேறுபாடு. வெங்கச்சாங்கல்லுக்குள் பழைய வெடிப்புகள் வலைபோல் ஓடுகின்றன; ஒரு அடிக்கு நாலு பக்கமும் விட்டுப்போகும். ஒரே படிகமாய் வளர்ந்த பளிங்கோ ஏறக்குறைய கண்ணாடி மாதிரியே சிப்பிமுகம் காட்டும். ஆறுபட்டைப் பளிங்கு கிடைத்தபோது கொடுமணல்காரர் அதைத் தனியே எடுத்து வைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கண்ணாடியைக் கையிலெடுத்த என் முதல் அனுபவம் அவமானகரமானது. கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில், அளவு தப்பிப்போய் ஒதுக்கிவைத்திருந்த அலமாரித் தட்டு ஒன்றைச் சும்மாவே வாங்கி வந்தேன். பத்து மி.மீ. கனம், அழகான விளிம்பு. வீட்டுக் கொல்லையில் சாக்கு விரித்து, கூழாங்கல்லால் ஓரத்தில் ஒரு தட்டு. பட்டாசு போல ஒரு சத்தம். மடியில் கண்ணாடி இல்லை, கற்கண்டு இருந்தது. மறுநாள் கடைக்குப் போய்ச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க சார், அது டஃபன்டுங்க. அதுல கட்டரே நிக்காதுங்க. நீங்க என்ன பண்றதுக்குன்னு கேக்காம குடுத்தது என்னோட தப்புங்க."

பிறகு ஆர்டினரி கண்ணாடி எப்படி வெட்டுப்படும் என்று காட்டினார். அடிக்கோல் வைத்து, மண்ணெண்ணெய் தொட்ட கட்டரை ஒரே இழுப்பாக இழுத்தார். சர்ரென்று சீரான சத்தம். சத்தம் எங்காவது விட்டால் அங்கே முறிவும் விட்டுப்போகும் என்றார். கோட்டுக்கு அடியில் கட்டரின் கைப்பிடியால் ரெண்டு தட்டு. கோடு உள்ளே வெள்ளி நரம்பாய் ஓடுவது தெரிந்தது. மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து, அவ்வளவுதான். 1921-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர் கண்ணாடியின் பலத்தை நிர்ணயிப்பது அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களே என்று ஒரு கட்டுரையில் நிறுவினார். கடைக்காரர் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார். ஒரு நாளைக்கு நூறு தடவை அதை நிரூபிக்கிறார்.

டஃபன்டு ஏன் கற்கண்டாகிறது? வெட்டி முடித்த கண்ணாடியை 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றடித்துச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும், தோல் விடாது. தோல் அமுக்கத்திலும் வயிறு இழுவிசையிலும் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். விரிசல் தோலைத் தாண்டி வயிற்றைத் தொட்ட கணத்தில் அடைபட்ட விசையெல்லாம் அவிழும். பாதுகாப்புக்கு நல்லது, சில்லு பெயர்க்க உதவாது. கடைக்கதவு, ஷவர் அறை, காரின் பக்கக் கண்ணாடி, பின்கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். மூலையில் சின்ன முத்திரை இருக்கும். போலராய்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு காரின் பின்கண்ணாடியைப் பார்த்தால் புள்ளிபுள்ளியாய் நிழல் தெரியும். அது உள்ளிறுக்கத்தின் தடம். காரின் முன்கண்ணாடி வேறு: இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு. உடைந்தாலும் ஒட்டிக்கொண்டே நிற்கும். அதிலும் சில்லு கழலாது.

அப்படியானால் எது ஆகும்? என் கணக்கில் முதலிடம் பாட்டில் அடிக்கு. பக்கச்சுவர் மெல்லிசு, வளைவு வேறு. அடிப்பாகம்தான் கனமும் உறுதியும். பீர் பாட்டில் அடியில் தொடங்காத கற்றுக்குட்டி உலகில் எங்கும் குறைவு. ஊறுகாய் ஜாடி, மிட்டாய்க் கடை பாட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எதுவும் ஆகும். எனக்குப் பிடித்தது கோலி சோடா பாட்டில். 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் கண்டுபிடித்த வடிவம், வாயுவின் அழுத்தம் தாங்குவதற்காகச் சுவரே கனத்தில் வார்த்தது. கடல்பச்சை நிறம் மணலிலுள்ள இரும்பால் வந்தது. கழுத்துடைந்த பழைய பாட்டிலின் அடியை வட்டமாய்ப் பிரித்தெடுத்து ஓரத்தைச் சுற்றிச் சில்லு பெயர்க்கத் தொடங்கினால், படியூர்ப் பெரில் கையில் இருப்பதுபோல ஒரு மயக்கம் வரும். பாட்டில் ஆறும்போது உலையில் பக்குவமாய் ஆறவிடப்பட்டது. உள்ளே இறுக்கம் குறைவு. அதுதான் அதன் அருமை. மீன்தொட்டிக் கடையில் விற்கும் வண்ணக் கண்ணாடிக் கட்டிகளைப் பார்த்தால் ஆசையாயிருக்கும். சீராக ஆறாத கட்டி என்றால் முதல் அடியிலேயே தன்னிஷ்டத்துக்குப் பிளந்துவிடும். கட்டிக்குள் குமிழும் இருக்கலாம். வாங்கியே தீர்வேன் என்றால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஜன்னல் கண்ணாடி, எட்டு மி.மீ. முதல் பன்னிரண்டு வரை, டஃபன்டு ஆகாதது. பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த மிதவை முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் பரவவிட்டு எடுப்பதால் தகடு முழுக்க ஒரே தரம்; ஊர் மாறினாலும் குணம் மாறாது. ஆராய்ச்சிக்கு இதைவிட வசதி வேறில்லை, பத்துப் பேருக்கு ஒரே மாதிரி பத்துத் துண்டு கொடுக்கலாம். குறை என்னவென்றால் தட்டை. சில்லுக்கு ஓட ஒரு முதுகுவரி வேண்டும், சதுர விளிம்பில் அது கிடையாது. முதலில் விளிம்பைச் சாணைக்கல்லில் சாய்வாய்த் தேய்த்து, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சின்னச் சில்லு கழற்றி, நடுவில் மேடு வரவைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது தண்டனை. ஆடிக் கண்ணாடி வேண்டாம், பின்பூச்சு உரிந்து காற்றில் கலக்கும். மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் கண்ணாடி உருண்டையில் உள்ளே பொருள் அருமையானதுதான், அடிக்க ஒரு விளிம்பு கிடையாது. ட்யூப்லைட்டைத் தொடவே வேண்டாம், பாதரசம்.

பழைய டி.வி. திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இதைச் சில்லு பெயர்ப்பவர்கள் விரும்புகிறார்கள், முன்முகம் அவ்வளவு கனம், அவ்வளவு தெளிவு. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் பெட்டிகள் இப்போது கொங்கு ஊர்களின் பழைய இரும்புக் கடைகளில் குவிந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆசைப்படாதீர்கள். உள்ளே வெற்றிடம், தவறாக உடைத்தால் உள்நோக்கி வெடிக்கும். புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம், திரையின் உட்புறம் ஒளிரும் பொடி. அது மின்கழிவு எடுப்பவர்களிடம் போக வேண்டிய பொருள்.

கல்லை விட்டுக் கண்ணாடிக்கு மாறுவது கொச்சை வேலை என்று நினைப்பவர்களுக்கு அந்தமானைக் காட்டுவேன். 1858-இல் போர்ட் பிளேரில் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் வைத்தார்கள். அங்கே அதிகாரியாக இருந்த ஈ. எச். மேன் 1880-களில் எழுதிய குறிப்புகளில், அந்தமான் பழங்குடியினர் சவரம் செய்யவும் தோலில் கீறிக் கோலமிடவும் வெங்கச்சாங்கல் சில்லைத்தான் முன்பு பயன்படுத்தினார்கள் என்றும், பாட்டில் வந்தபின் கண்ணாடிச் சில்லுக்கு மாறிவிட்டார்கள் என்றும் பதிவிருக்கிறது. சில்லு பெயர்த்தது பெண்கள். கல்லின் குணம் தலைமுறை தலைமுறையாய்க் கைக்குத் தெரிந்தவர்கள், புதிய பொருளைப் பார்த்ததும் அது தங்கள் பழைய கல்லின் திருந்திய வடிவம் என்று உடனே கண்டுகொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிப் பூர்வகுடியினர் பாட்டிலிலும் தந்திக் கம்பத்துப் பீங்கானிலும் ஈட்டிமுனை செய்தார்கள். 1911-இல் கலிபோர்னியாவில் காட்டை விட்டு வெளியே வந்த இஷி, தன் இனத்தில் எஞ்சிய ஒரே மனிதர், சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் பாட்டில் கண்ணாடியில் அம்புமுனை செய்து காட்டினார். அவர்கள் யாரும் கண்ணாடியைப் பயிற்சிப் பொருளாக நினைக்கவில்லை. இருப்பதில் சிறந்ததை எடுத்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சி குஜராத்தின் கம்பாத். அங்கே அகேட், சூதுபவள மணி தட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தரையில் சாய்வாய் நட்ட இரும்புக் கம்பியின் முனையில் கல்லை வைத்து, எதிர்ப்புறம் எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டுவார்கள். சில்லு கம்பிமுனைப் பக்கத்திலிருந்து கழலும். வலண்டீன் ரூ, பிளாண்டின் ப்ரில் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1990-களில் இவர்களோடு ஒரு சோதனை செய்தார்கள். சுத்தியலில் முடுக்கமானி பொருத்தி, வழக்கமான கல்லையும் அதுவரை பழகாத கண்ணாடியையும் கொடுத்தார்கள். உயர்தர மணி செய்பவர்கள் கண்ணாடி வந்ததும் அடியின் வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். மட்டமான மணி செய்து பழகியவர்களுக்கு அந்த மாற்றம் அவ்வளவாக வரவில்லை. கைத்திறமை என்பது ஓங்குவதல்ல, பொருளைக் கேட்டு ஓங்கலைத் திருத்துவது என்று இதை நான் வாசிக்கிறேன். கண்ணாடி குறைந்த அடியிலேயே விட்டுக்கொடுக்கும். கல்லுக்குப் பழகிய கை அதை நொறுக்கிவிடும்.

அதனால் கண்ணாடியில் கற்றதை அப்படியே கொடுமணலுக்கு எடுத்துப்போகக் கூடாது. கண்ணாடி சொல்லித்தருவது கோணத்தையும், மேடை தயாரிப்பதையும், தவறின் முகத்தையும். விசை பற்றாமல் பாதியில் நின்ற சில்லு படிக்கட்டு மாதிரி வெட்டி நிற்கும். அந்தப் படி கண்ணாடியில் கண்ணாடிபோல் தெரியும். வெங்கச்சாங்கல்லில் அதைக் காண்பதற்குக் கண் பழகியிருக்க வேண்டும். பழகிய பிறகுதான் கல் வேறுமாதிரி நடந்துகொள்வது புரியும். வெங்கச்சாங்கல்லைக் கையில் பிடித்துத் தட்டுவதைவிடப் பட்டடைக்கல்லின் மேல் நிறுத்தி உச்சியில் அடிப்பது லாபம். மேலும் கீழும் இரண்டு முனையிலும் நசுங்கல் இருக்கும். பெரில் அறுபட்டைக் கம்பியாய் வளர்வது. ப்ளினியே அது ஆறுமூலையாய்த் தேய்க்கப்படுவதைச் சொல்கிறார். குறுக்குவாட்டில் அதற்குச் சற்றே பிளவுக்குணம் உண்டு, ஆனாலும் கடினம் பளிங்கைவிட அதிகம். நீலக்கல்லைத் தட்டி உருவாக்க முயல்வதே வீண், தேய்த்தால்தான் உண்டு. கொடுமணல் பட்டறையில் எந்தக் கல்லின் சில்லு நிறைய, எதன் சில்லு குறைச்சல் என்று எண்ணும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். சில்லு குறைவென்றால் அந்தக் கல் குறைவாக வந்தது என்று மட்டும் பொருளல்ல.

சாமான்கள் எல்லாம் கோவையிலேயே கிடைக்கும். அழுத்திச் சில்லு பெயர்க்கச் செம்பு முனை வேண்டும். இரும்பு கண்ணாடிக்கு முரடு. எலக்ட்ரிக்கல் கடையில் எர்த் போடும் கனத்த செம்புக்கம்பி ஒரு சாண் வாங்கி, உளிப்பிடிக்குள் செருகினால் போதும். மோட்டார் காயில் கட்டும் ஊரில் செம்புக்குப் பஞ்சமில்லை. விளிம்பை மழுக்கச் சாணைக்கல் அல்லது முரட்டு உப்புத்தாள். மழுக்குவது முரணாகத் தோன்றும். கூரான விளிம்பு அழுத்தம் தாங்காது, மழுங்கினால்தான் விசை உள்ளே இறங்கும். கண்ணுக்குக் காப்பு, உள்ளங்கைக்குத் தடித்த தோல், கால்மேல் ஜமுக்காளம். இதில் சமரசம் இல்லை. என் இடது பெருவிரலில் இருக்கும் தழும்பு நான் செருப்புத் தோலை மடித்து வைக்கச் சோம்பல்பட்ட அரைமணி நேரத்தின் கணக்கு.

வேலை வெட்டவெளியில் நடக்க வேண்டும், தூசிக்காக. கம்பாத் அகேட் தொழிலாளர்களிடையே சிலிக்கோசிஸ் நுரையீரல் நோயை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. படிகச் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும். கண்ணாடித் தூசி படிகமல்ல, அந்த வகையில் ஆபத்து குறைவு. எரிச்சலும் வெட்டும் உண்டு, மூக்குத்துணி கட்டாமல் உட்காரக் கூடாது. கொடுமணலில் இறுதிச் சடங்குகளின் ஆடம்பரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மணி தேய்த்தவர்கள் எத்தனை வயதுவரை மூச்சு விட்டார்கள் என்று யோசிப்பவர் குறைவு.

இப்போது முதலில் நிறுத்திவைத்த இரண்டாவது காரணம். நொய்யல் கரையில் கிடக்கும் ஒவ்வொரு வெங்கச்சாங்கல் சில்லும் சாட்சியாக இருக்கக்கூடும். ஆர்வமுள்ள கல்லூரி மாணவர் ஒருவர் அந்தக் காட்டில் உட்கார்ந்து நாலு பளிங்கைத் தட்டிப் பழகிவிட்டு எழுந்தால், புதிய சில்லு பழைய சில்லோடு கலந்துவிடும். சில்லு தட்டிய காலத்தை எளிதில் கணிக்க வழியில்லை. மண்ணடுக்கு ஒன்றுதான் துணை, மேற்பரப்பில் அதுவும் கிடையாது. பத்து வருஷம் கழித்துக் கணக்கெடுப்பவர் அங்கே ஒரு பட்டறை இருந்ததாக எழுதுவார். கண்ணாடி அந்தப் பொய்யைச் சொல்லாது. கனிமம் பார்த்தால் இரண்டே நிமிஷத்தில் அகப்பட்டுக்கொள்ளும். கொங்கு நாட்டில் சில்லு பெயர்க்கப் பழகுபவர்கள் கண்ணாடியில்தான் பழக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். கல் அரிது என்பதற்காகவோ கண்ணாடி மலிவு என்பதற்காகவோ இல்லை.

கண்ணாடியைச் சிதறவிட்டுவிட்டு வரலாம் என்றும் அர்த்தமில்லை. காட்டோரம் உடைந்து கிடந்த மதுபாட்டில்கள் யானையின் காலைக் கிழித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டுத்தான், 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித்தரும் திட்டம் வந்தது. மேட்டாங்காட்டில் செருப்பில்லாமல் ஆடு மேய்ப்பவர் காலும் கால்தான்.

நான் தார்ப்பாய் விரித்துத்தான் உட்காருகிறேன். எழும்போது நான்கு மூலையையும் தூக்கி, சில்லையும் தூளையும் ஒரு காலி பெயின்ட் டப்பாவில் கொட்டுவேன். டப்பாவின் மேல் மாதம், வருஷம், எந்தப் பாட்டில், எத்தனை அடி என்று எழுதி ஒட்டுவது வழக்கம். மூடுவதற்கு முன், அந்த வருஷத்து இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை உள்ளே போடுகிறேன். காகிதச் சீட்டு கிழிந்துபோனாலும் நாணயம் இருக்கும்.